கோச்சி வராத கரையும் கதை சொல்லும் வேலையும்

சகோதரிகளே, தையல், கைத்தறி, பாய் இழைத்தல், கோழி வளர்ப்பு, சிறுகடை என்று நாம் செய்யும் தொழில்களைப் பற்றி நிறையவே வாசித்திருக்கிறோம். இம்முறை நான் எழுத வந்திருப்பது நம்மில் பலர் கேள்விப்பட்டிராத ஒரு தொழிலைப் பற்றி. பழைய புகையிரதப் பாதையொன்றின் அருகில் நின்று, பார்க்க வருகிறவர்களுக்கு அந்த இடத்தின் கதையை எடுத்துச் சொல்வதுதான் அந்த வேலை. அதற்குச் சம்பளம் உண்டு, பயிற்சி உண்டு, சீருடையும் தொப்பியும் உண்டு.

இதை எங்கள் மாதர் குழுவில் சொன்னபோது ஒரு ராத்தா சிரித்துவிட்டார். "கதை சொல்றதுக்குச் சம்பளமா? அப்படியெண்டா எங்கட மாமி எப்பவோ கோடீஸ்வரியாகியிருப்பா" என்றார். எல்லோரும் சிரித்தோம். ஆனால் கூட்டம் முடிந்து போகும்போது அவரே என்னிடம் வந்து, "அந்த வேலையைக் கொஞ்சம் விளக்கமாச் சொல்லுங்களன்" என்று கேட்டார். அவருக்குச் சொன்னதைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

அமெரிக்காவில் தேசியப் பூங்காச் சேவை என்றொரு அரச திணைக்களம் இருக்கிறது. 1916ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. காடு, மலை, அருவி மட்டுமன்றி வரலாற்று இடங்களும் அதன் பொறுப்பில் உள்ளன. போர்க்களங்கள், அடிமைகள் வாழ்ந்த தோட்டங்கள், கைவிடப்பட்ட புகையிரதப் பாதைகள் எல்லாம் அதில் அடங்கும். அங்கு பணிபுரிவோரை ரேஞ்சர் என்பார்கள். சில ரேஞ்சர்களின் வேலை காவல். வேறு சிலரின் வேலை விளக்கிச் சொல்வது. நான் பேசுவது இந்த இரண்டாவது வகையினரைப் பற்றி.

பெண்கள் இந்த வேலைக்குள் எப்படி வந்தார்கள் தெரியுமா? 1918இல் முதலாம் உலகப் போருக்கு ஆண்கள் போய்விட்டதால் ஆள் பற்றாக்குறை வந்தது. அந்தக் கோடையில் கிளேர் மேரி ஹொட்ஜஸ் என்ற பாடசாலை ஆசிரியை யோசெமிட்டி பூங்காவில் ரேஞ்சராகச் சேர்ந்தார். ஆண்கள் இல்லாத வீட்டில் பெண் வெளியே இறங்கி உழைக்க வேண்டி வந்த கதை நமக்குப் புதிதல்ல. போர் முடிந்து ஆண்கள் திரும்பியதும் கதவு மறுபடியும் பாதி சாத்தப்பட்டது. ஆண்களோடு சமமாக நின்று வேலை செய்ய அந்த நாட்டுப் பெண்களுக்கே மேலும் பல பத்து வருடங்கள் பிடித்தன.

பொன் ஆணி அடித்த இடம்

புகையிரத வரலாற்று இடங்களில் பெயர்பெற்ற ஒன்று யூட்டா மாநிலத்திலுள்ள புறொமொன்டறி என்ற மேட்டுநிலம். 1869 மே 10ஆம் திகதி, கிழக்கிலிருந்து வந்த தண்டவாளமும் மேற்கிலிருந்து வந்த தண்டவாளமும் அங்கே சந்தித்தன. கடைசி ஆணியாகப் பொன் ஆணி ஒன்றைச் செய்து சடங்கு நடத்தினார்கள். இரண்டு எஞ்சின்களும் முகத்துக்கு முகம் நிற்க, மனிதர்கள் கை குலுக்க, படம் எடுத்தார்கள். அமெரிக்கப் பாடப் புத்தகங்களில் அந்தப் படம் இல்லாமல் இராது.

அந்தப் படத்தில் இல்லாதவர்கள் யார் என்பதுதான் இன்று அங்கே சொல்லப்படும் முக்கியமான கதை. மேற்கிலிருந்து வந்த பாதையைப் போட்டவர்களில் மிகப் பெரும்பாலானோர் சீனாவிலிருந்து வந்த கூலித் தொழிலாளர். பத்தாயிரத்துக்கும் இருபதாயிரத்துக்கும் இடைப்பட்ட தொகையினர் என்று கணக்கிடுகிறார்கள். சியரா நெவாடா மலையின் கருங்கல்லை உளியாலும் வெடிமருந்தாலும் உடைத்துச் சுரங்கம் போட்டவர்கள் அவர்கள். வெடியிலும் பனிச்சரிவிலும் எத்தனை பேர் இறந்தார்கள் என்பதற்குச் சரியான கணக்கே இல்லை. அந்தப் படத்தில் ஒரு சீன முகத்தைக் கண்டுபிடிப்பது மிகக் கடினம்.

இன்னொரு விடயம். 1869 ஏப்ரல் 28ஆம் திகதி ஒரே நாளில் பத்து மைல், அதாவது ஏறத்தாழ 16 கிலோமீற்றர் நீளத்துக்குத் தண்டவாளம் போட்டார்கள். அன்று தண்டவாளங்களைத் தூக்கி வைத்த எட்டு ஐரிஷ்காரரின் பெயர்கள் இன்றும் பதிவில் உள்ளன. அதே நாளில் அதே வெயிலில் பாடுபட்ட சீனர்களின் பெயர்கள் இல்லை. கம்பனியின் சம்பளப் புத்தகத்தில் பெரும்பாலும் கங்காணிமாரின் பெயரே எழுதப்பட்டது. 1882இல் சீனத் தொழிலாளர் நாட்டுக்குள் வரவே கூடாது என்று சட்டமும் போட்டார்கள்.

அந்தப் பாதைக்கு என்ன நடந்தது? 1904இல் வேறொரு குறுக்குப் பாதை போடப்பட்டதால் புறொமொன்டறி தனிமைப்பட்டது. 1942இல் இரண்டாம் உலகப் போருக்கு இரும்பு தேவையென்று தண்டவாளங்களையும் கழற்றிக்கொண்டு போனார்கள். ஒரு நினைவுக் கல்லும் வெறும் நிலமும்தான் மிஞ்சின. அந்த இடத்தைக் காப்பாற்ற வேண்டுமென்று பல வருடங்கள் விடாமல் கடிதம் எழுதியும் கூட்டம் நடத்தியும் பாடுபட்டவர் ஒரு பெண். பெயர் பெர்னிஸ் கிப்ஸ் அண்டர்சன். அயலூரில் வாழ்ந்து, உள்ளூர்ப் பத்திரிகைகளுக்கு எழுதியவர். அவருடைய முயற்சியின் பயனாக 1965இல் அரசு அதைத் தேசிய வரலாற்று இடமாகப் பொறுப்பேற்றது. பின்னர் பழைய எஞ்சின்களைப் போலவே இரண்டு எஞ்சின்கள் புதிதாகச் செய்யப்பட்டு 1979இல் அங்கே கொண்டுவரப்பட்டன.

சீனத் தொழிலாளருக்கு உரிய மதிப்புக் கிடைக்க அதற்குப் பிறகும் காலம் எடுத்தது. அமெரிக்கத் தொழில் திணைக்களம் 2014இல்தான் அவர்களைத் தன் கௌரவ மண்டபத்தில் சேர்த்தது. 2019இல் 150ஆவது ஆண்டு விழாவுக்கு அவர்களின் பேரப்பிள்ளைகளும் கொள்ளுப்பேரப்பிள்ளைகளும் வந்து நின்றார்கள்.

கதை சொல்பவரின் வேலை இங்கேதான் தெரிகிறது. எஞ்சின் எத்தனை தொன், எத்தனை சக்கரம் என்பதைப் பலகையில் எழுதிவைத்தால் போதும். அந்தப் பலகையில் எழுதாமல் விடப்பட்டவர்களைப் பற்றிச் சொல்ல ஒரு மனிதர் வேண்டும். 1957இல் ஃபிறீமன் டில்டன் என்பவர் இந்த வேலையைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். வந்தவரின் தலைக்குள் தகவலைத் திணிப்பது நோக்கமல்ல, அவர் தானாக யோசிக்கத் தொடங்கும்படி செய்வதே நோக்கம் என்பது அவருடைய கருத்து. இன்றும் ரேஞ்சர்கள் இதைப் படித்துத்தான் பயிற்சி பெறுகிறார்கள்.

எமது நாட்டின் தண்டவாளங்கள்

எமது நாட்டில் முதல் புகையிரதம் 1864 டிசம்பர் 27ஆம் திகதி கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸைக்கு ஓடியது. 1867இல் பாதை கண்டி வரை போனது. கோப்பியை மலையிலிருந்து துறைமுகத்துக்கு இறக்குவதற்காகப் போட்ட பாதை அது. அதன் 150ஆவது ஆண்டை ஒட்டி 2014 டிசம்பரில் கடுகண்ணாவையில் தேசிய புகையிரத நூதனசாலை திறக்கப்பட்டது. பழைய எஞ்சின்களையும் பெட்டிகளையும் அங்கே பார்க்கலாம். பிள்ளைகளுக்குக் காட்டவேண்டிய இடம். அந்த மலைப் பாதையை வெட்டியவர்களில் தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்க் கூலிகளும் இருந்தார்கள். காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் மாண்டவர்கள் ஏராளம். அமெரிக்காவின் சீனத் தொழிலாளரைப் போலவே இவர்களுக்கும் பெயர்ப் பட்டியல் இல்லை.

தலைமன்னார்ப் பாதையை எடுத்துக்கொள்ளுங்கள். 1914இல் பாம்பன் பாலமும் தலைமன்னார்ப் பாதையும் திறக்கப்பட்டபின், சென்னையிலிருந்து தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து கப்பல், பிறகு தலைமன்னாரிலிருந்து கொழும்புக்கு ரயில் என்று பயணம் போனது. தோட்டத் தொழிலாளர் பெருந்தொகையாக வந்து இறங்கிய வழி அது. 1964 டிசம்பரில் வீசிய புயலில் தனுஷ்கோடி அழிந்தது. பாம்பனிலிருந்து அங்கு வந்துகொண்டிருந்த பயணிகள் ரயிலைக் கடல் விழுங்கியது. அதில் இருந்தவர்கள் எவரும் தப்பவில்லை. அதன்பின் இராமேஸ்வரத்திலிருந்து ஓடிய கப்பலும் 1984இல் போரினால் நின்றது.

1990இல் யாழ்ப்பாணத்துக்கான யாழ்தேவியும் நின்றது. தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் பெயர்க்கப்பட்டுப் பதுங்குகுழிகளுக்குப் போயின. 1942இல் அமெரிக்காவில் நடந்ததுபோல இங்கேயும் இரும்பு போருக்குப் போனது. அதே 1990 ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் அனைவரும் சில நாட்களுக்குள், சில இடங்களில் சில மணி நேரத்துக்குள் வெளியேற்றப்பட்டார்கள். மன்னார்த் தீவின் மக்களும் அவர்களில் அடக்கம். போர் முடிந்தபின் யாழ்ப்பாணத்துக்கு 2014 ஒக்டோபர் 13ஆம் திகதியும், தலைமன்னாருக்கு 2015 மார்ச்சிலும் கோச்சி மறுபடி போய்ச் சேர்ந்தது. புதிய தண்டவாளம், புதிய நிலையம். அந்த நிலையத்தில் இறங்கும் இளம் பயணி ஒருவருக்கு, இங்கே இறங்கிய கூலிகள், இங்கிருந்து துரத்தப்பட்டவர்கள், இங்கே இடம்பெயர்ந்து படகேறியவர்கள் எல்லோரையும் பற்றி யார் சொல்வது? சுவரும் இரும்பும் சொல்லமாட்டா.

பெரலியவில் நின்ற கோச்சி

எமது நாட்டில் புகையிரதத்தோடு சேர்த்து உலகமே அறிந்த ஊர் பெரலிய. ஹிக்கடுவைக்கு அருகில், காலி வீதியில் இருக்கிறது. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, போயா தினம். கொழும்பு கோட்டையிலிருந்து காலை 6.50 அளவில் மாத்தறை நோக்கிக் கோச்சி புறப்பட்டது. நத்தாருக்கு அடுத்த நாள் என்பதால் நிறைந்த கூட்டம். பெட்டிகள் எட்டு. இழுத்துச் சென்ற 591ஆம் இலக்க எஞ்சின் கனடாவில் செய்யப்பட்டது. கோச்சி புறப்பட்டுச் சில நிமிடங்களில் சுமாத்திராவில் கடலுக்கடியில் பூமி அதிர்ந்தது.

காலை 9.30 அளவில் பெரலியவில் முதல் அலை வந்து கோச்சியை நிறுத்தியது. ஊர்ச்சனம் ஓடிவந்து பெட்டிகளுக்குள்ளும் கூரை மீதும் ஏறினார்கள். பிள்ளைகளைத் தூக்கி உள்ளே கொடுத்தார்கள். இரும்புப் பெட்டிதானே, இது தாங்கும் என்று நினைத்தார்கள். சற்று நேரத்தில் வந்த இரண்டாவது அலை முதலாவதை விடப் பெரியது. பெட்டிகளைத் தூக்கி வீசியது. இறந்தவர்கள் 1,700 பேருக்கு மேல் என்று கணக்கிடப்படுகிறது. உலகப் புகையிரத வரலாற்றிலேயே கூடுதலான உயிரிழப்பு அதுதான்.

இந்தக் கதையில் நம் கவனத்துக்குரிய ஒரு பகுதி இருக்கிறது. அலை முதலில் அடித்தது தென்கரையை அல்ல, எங்கள் கிழக்குக் கரையை. கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, மருதமுனை, பாண்டிருப்பு, நிந்தவூர் எல்லாம் எட்டரை மணியை அண்டி அடிபட்டுவிட்டன. பெரலியவை அலை அடைய இன்னும் ஏறத்தாழ ஒரு மணித்தியாலம் இருந்தது. கடல் கரைக்குள் புகுந்த செய்தி மருதானைக் கட்டுப்பாட்டு நிலையத்துக்கு எட்டியபோது, கரையோரப் பாதையில் ஓடிய எட்டுக் கோச்சிகளை அவர்களால் நிறுத்த முடிந்தது. இந்த ஒன்றை மட்டும் முடியவில்லை. அம்பலாங்கொடை நிலையத்துக்குத் தொலைபேசி எடுத்தார்கள். நிலையத்தார் எல்லோரும் மேடையில் அதே கோச்சியைக் கவனித்துக்கொண்டு நின்றதால் மணி அடித்தும் எடுக்க ஆளில்லை. எடுத்தபோது கோச்சி போய்விட்டது.

ஆகவே பெரலியவின் கதையைச் சொல்பவர் எங்கள் கரையிலிருந்து தொடங்கினால்தான் அது முழுக் கதை. அங்கே போகிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? பெரலியவில் இன்று நினைவுத்தூபி இருக்கிறது. உயர்ந்த புத்தர் சிலை இருக்கிறது. திருத்தப்பட்ட 591ஆம் இலக்க எஞ்சினின் பக்கங்களில் அலை வரையப்பட்டது. டிசம்பர் 26இல் அது அங்கே வந்து நின்று நினைவுகூரல் நடப்பது வழக்கமாயிற்று. அருகிலுள்ள தெல்வத்தையில், அலையில் உயிர் தப்பிய ஒரு பெண் தன் வீட்டிலேயே புகைப்படக் காட்சியகம் அமைத்தார். அரசாங்க நியமனமோ சீருடையோ இல்லாமல் அவர் செய்வதும் ரேஞ்சர் வேலைதான்.

எங்கள் கரையில் என்ன இருக்கிறது?

மட்டக்களப்புக்குப் புகையிரதப் பாதை 1928இல் வந்தது. அங்கேயே நின்றுவிட்டது. கல்முனைக்குக் கோச்சி வந்ததேயில்லை. கொழும்புக்குக் கோச்சியில் போக வேண்டுமென்றால் நாங்கள் நாற்பது கிலோமீற்றர் வடக்கே பஸ்ஸில் போக வேண்டும். 2004 அனர்த்தத்தில் நாட்டிலேயே கூடுதலாக உயிரிழந்தது அம்பாறை மாவட்டம். பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர். ஆனால் வெளிநாட்டுக்காரரிடம் இலங்கைச் சுனாமியைப் பற்றிக் கேட்டால் அந்தக் கோச்சியைத்தான் சொல்வார்கள். படம் பிடிக்கப் பெட்டிகள் கிடந்தன. எங்களுக்குக் கிடந்தவை கிணறுகளும் அத்திவாரங்களும்.

பெரலியவின் துக்கத்தோடு எங்கள் துக்கத்தை எடைபோட இதைச் சொல்லவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்த சிங்களத் தாயின் வயிறும் எங்கள் வயிறும் ஒன்றுதான். ஒரு பொருள் மிஞ்சினால் அதன் பக்கத்தில் கதையும் மிஞ்சுகிறது, பொருள் மிஞ்சாத இடத்தில் கதை சொல்ல ஆள் இருந்தால்தான் உண்டு என்பதற்காகச் சொல்கிறேன்.

நான் சாய்ந்தமருதுக்காரி. வீடும் வளவும் அலையோடு போய், முகாமிலிருந்து பின்னர் உள்ளே வேறிடத்தில் குடியேறியவள். சில வருடங்களாக, வெளியூர்களிலிருந்து வரும் மாணவர்களுக்கும் ஆய்வு செய்வோருக்கும் கரையைக் காட்டிக் கதை சொல்கிறேன். யாரும் நியமிக்கவில்லை. ஒருமுறை வந்தவர்கள் சொல்லி மற்றவர்கள் வந்தார்கள். என்னோடு காரைதீவைச் சேர்ந்த ஒரு அக்காவும் வருவார். அவருடைய கணவரைப் போரில் இழந்தார், மகனை அலையில் இழந்தார். பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.

ஒருநாள் எங்கள் ஊர்ப் பாடசாலைப் பிள்ளைகளையே கூட்டிப் போனோம். எல்லோரும் 2004க்குப் பின் பிறந்தவர்கள். புல் முளைத்த ஒரு கிணற்றுக் கட்டைக் கண்டு ஒரு சிறுமி கேட்டாள்: "மாமி, ஆளில்லாத இடத்தில ஆரு கிணறு கட்டினது?" அந்தக் கிணற்றைச் சுற்றி இருந்த வீடுகளையும், வீட்டுக்காரரையும், அவர்கள் பிள்ளைகளையும் ஒவ்வொன்றாகச் சொன்னேன். கடைசியில் அவள் தன் உம்மம்மாவின் பெயரும் அதில் வந்ததைக் கவனித்து, "எங்கட உம்மம்மாவா?" என்றாள். தன் ஊரில் தன் வீடு இருந்த இடத்தை அவள் அன்றுதான் அறிந்தாள்.

நாங்கள் கடைப்பிடிக்கும் முறைகள்

இந்த வேலையை ஆரம்பிக்க விரும்பும் சகோதரிகளுக்குப் பயன்படும் என்பதால் எங்கள் முறைகளைச் சொல்கிறேன்.

முதலாவது, கண்டதையும் கேட்டதையும் பிரித்துச் சொல்லுங்கள். "இதை நான் கண்டேன்", "இது ஆட்கள் சொன்னது", "இது அறிக்கையில் உள்ளது" என்று மூன்றாகப் பிரித்துச் சொன்னால் கேட்பவர் உங்களை நம்புவார். ஒரு இலக்கத்தைக் கூட்டிச் சொன்னால் உண்மையாகச் சொன்ன மற்ற எல்லாமும் சந்தேகத்துக்குள்ளாகும்.

இரண்டாவது, முதலில் பார்க்க விடுங்கள். இடத்துக்குப் போனவுடன் பேசத் தொடங்க வேண்டாம். கிணற்றையோ சுவரையோ அவர்கள் சுற்றிப் பார்க்கட்டும். "என்ன தெரிகிறது?" என்று கேளுங்கள். அவர்களின் கேள்வியிலிருந்து கதையைத் தொடங்குங்கள். நல்ல ரேஞ்சர்களும் இப்படித்தான் செய்கிறார்கள்.

மூன்றாவது, உங்கள் ஆட்களின் மௌத்தை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்தாதீர்கள். காத்தான்குடிப் பள்ளிவாசலில் 1990 ஓகஸ்டில் தொழுகையில் இருந்தோர் சுடப்பட்டார்கள். அந்தத் துவக்குச் சூட்டின் அடையாளங்களைச் சுவரில் அப்படியே வைத்திருக்கிறார்கள். அடுத்த மாதமே சத்துருக்கொண்டானில் தமிழ்ச் சனம் பெண்கள் பிள்ளைகளோடு கொல்லப்பட்டார்கள். அங்கேயும் நினைவுத்தூபி இருக்கிறது. இரண்டு இடமும் ஒரே மட்டக்களப்பு மாவட்டத்தில், பஸ்ஸில் கொஞ்ச நேர ஓட்டம். ஒன்றைச் சொல்பவர் மற்றதையும் சொல்ல வேண்டும். நானும் காரைதீவு அக்காவும் சேர்ந்து போவதற்குக் காரணமே இதுதான். நான் விட்டதை அவர் சொல்வார், அவர் விட்டதை நான் சொல்வேன்.

நான்காவது, உங்கள் மனதைப் பாதுகாத்துக்கொள்ளுங்கள். ஒருமுறை கமெராவோடு வந்த ஒருவர், பிள்ளை போன இடத்தில் நின்று அழுதபடி சொல்லும்படி அக்காவைக் கேட்டார். அக்கா அமைதியாக, "தம்பி, அழுறத நான் வீட்டில அழுதிட்டன். இங்க வந்தது சொல்றதுக்கு" என்றார். அவர் கமெராவை மடித்து வைத்துவிட்டுக் கேட்டார். சொல்ல விரும்பாததைச் சொல்லாமலிருக்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. சில நாட்களில் வாய் வராது. அந்த நாளில் மற்றவர் போகட்டும். தூக்கம் கெட்டால், பழைய பயம் திரும்பினால், வேலையை நிறுத்தி உளவளத்துணையாளரிடம் பேசுங்கள். இது பலவீனமல்ல.

ஐந்தாவது, கூலி கேளுங்கள். நமது துயரத்துக்கு விலை பேசுவதா என்று சிலர் முகம் சுளிப்பார்கள். நாங்களும் நீண்ட நாள் தயங்கினோம். துயரத்துக்கு விலை இல்லைதான். ஆனால் வெயிலில் நடந்த மூன்று மணித்தியாலத்துக்கும், தேடி எடுத்து வைத்த தகவலுக்கும், அன்று விடுபட்ட தையலுக்கும் விலை உண்டு. அந்தப் பணத்தில் பஸ் காசு போக மிச்சத்தை இருவரும் சமமாகப் பிரிக்கிறோம். மாதம் முழுவதும் சோறு போடும் வருமானமல்ல. கொப்பி, பென்சில், மின்சாரப் பட்டியலுக்கு உதவுகிறது.

இதைத் தொழிலாக்க வழி உண்டா?

உண்டு. இலங்கை சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபை வழிகாட்டிகளுக்கு அனுமதிப் பத்திரம் கொடுக்கிறது. நாடு முழுவதற்குமான வழிகாட்டி மட்டுமன்றி, ஒரு பிரதேசத்துக்கு மட்டும், ஒரு இடத்துக்கு மட்டும் என்ற வகைகளும் இருக்கின்றன. வீட்டையும் பிள்ளைகளையும் விட்டு நாட்கணக்கில் வெளியே போக முடியாத நமக்குப் பொருத்தமானவை கடைசி இரண்டும். விண்ணப்பத்துக்கான தகைமைகளை உங்கள் பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள். பொத்துவில் அறுகம்பைக்கு வரும் உல்லாசப் பயணிகள் பலர் எங்கள் ஊர்களின் பிரதான வீதியால்தான் போகிறார்கள். மருதமுனைக் கைத்தறிச் சாரமோ சேலையோ வாங்க இறங்குவார்கள், தேத்தண்ணி குடிப்பார்கள், போய்விடுவார்கள். கடற்கரைக்கு அழைத்துப்போய் ஒரு மணித்தியாலம் கதை சொல்ல ஆள் இருந்தால் நிற்க மாட்டார்களா?

மொழி ஒரு தடைதான். ஆங்கிலம், சிங்களம் படித்த மகள்மாரைத் துணைக்கு அழைத்துக்கொள்ளுங்கள். தாய் சொல்ல, மகள் மொழிபெயர்க்க, மகளுக்கும் கதை தெரிய வரும். வீட்டார் விடமாட்டார்கள் என்ற கவலையும் பலருக்கு உண்டு. தனியே போகாமல் இருவர் மூவராகப் போவது, பகலில் மட்டும் போவது, ஊர்ப் பெரியவர்களுக்கும் பள்ளிவாசல், கோயில் நிர்வாகத்துக்கும் முன்கூட்டியே சொல்லிவைப்பது என்று நாங்கள் ஒழுங்கு செய்துகொண்டோம். பேச்சு முதலில் எழுந்தது, பின்னர் தானாக அடங்கியது.

அனுமதிப் பத்திரம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லாத ஒரு வேலையும் உண்டு. ஒரு கொப்பி எடுங்கள். உங்கள் ஒழுங்கையில் 2004க்கு முன் இருந்த வீடுகளை வரிசையாக எழுதுங்கள். யார் இருந்தார்கள், என்ன தொழில் செய்தார்கள், யார் மௌத்தானார்கள், யார் எங்கே குடியேறினார்கள் என்று ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பக்கம் விடுங்கள். போரில் காணாமற் போனவர்களுக்கும் பக்கம் விடுங்கள். வயதான உம்மாமார், அம்மாமார் இருக்கும்போதே கேட்டு நிரப்புங்கள். ஞாபகம் இருப்பவர்கள் வருடா வருடம் குறைந்துகொண்டு போகிறார்கள். புறொமொன்டறியில் சீனர்களின் பேரப்பிள்ளைகள் 150 வருடங்களுக்குப் பின்னும் பாட்டனின் பெயரைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள். சம்பளப் புத்தகத்தில் அன்று ஒரு வரி எழுதியிருந்தால் போதுமாயிருந்திருக்கும்.

எங்கள் கொப்பியில் இதுவரை இரண்டு ஒழுங்கைகள் முடிந்திருக்கின்றன. மூன்றாவதைக் காரைதீவுப் பக்கம் தொடங்கியிருக்கிறோம். உங்கள் ஊரிலும் தொடங்குங்கள்.